அருவிக்கு ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

மலையும் காடும் வயலும் கடலும் அருகருகே அமைந்த நிலம் குமரி மாவட்டம். அங்குப் பெயர்பெற்ற அருவிகளும் உண்டு. பெயர் பரவாத அருவிகளும் உண்டு. பெயர் பரவாத ஓர் அருவியைக் காணச் செல்வோர் எவற்றை அறிந்திருக்க வேண்டும்? அந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, யாருக்காகச் செல்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பெயரும் இடமும்

நாகர்கோவிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், தோவாளை வட்டத்தில் அமைந்த ஊர் அழகியபாண்டியபுரம். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் வாழைத்தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூருக்கு அப்பால் அசம்பு மலை உயர்ந்து நிற்கிறது. அம்மலைக் காட்டினுள் பாறை முகட்டிலிருந்து இறங்குவது உலக்கை அருவி. வண்டிப்பாதை முடிந்த பின் காட்டுவழியே நடந்துதான் அதனை அடைய இயலும். குற்றாலத்தையும் திற்பரப்பையும் அறிந்தோருள் பலர் இவ்வருவியின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனினும், ‘அறியப்படாத அருவி’ என்று கூறும்போது, யாரால் அறியப்படாதது என்னும் வினா எழுகிறது. வெளியூரிலிருந்து வருவோர்தாம் அதனை அறியாதவர்கள். அடிவாரத்து உழவர்கள் வாய்க்காலில் வரும் நீரின் அளவைக் கொண்டே மலையில் பெய்த மழையைக் கணிப்பர். குமரி மலைகளில் வாழும் காணிக்காரர்கள் காட்டின் ஒவ்வோர் ஓடையையும் பெயர் சொல்லி அறிவர். ஆகவே, அருவியைப் புதிதாகக் கண்டுபிடிப்பவராக அன்றி, ஏற்கெனவே வாழ்வோரின் நிலத்திற்குச் செல்லும் விருந்தினராகவே நாம் அங்குச் செல்கிறோம்.

உலக்கை என்பது தானியம் குற்றும் கருவி. நெடிதாகவும் நேராகவும் இறங்கும் நீர்த்தாரையை நினைவூட்டும் பெயர் அது. அருவி நீர் சென்று சேரும் சமவெளியின் பெயரோ நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். மலையில் உலக்கை, சமவெளியில் கலப்பை என, உணவு ஆக்கும் கருவிகள் இரண்டும் இடப்பெயர்களில் நிலைத்துள்ளன.

இன்று நாம் பரவலாக வழங்கும் ‘நீர்வீழ்ச்சி’ என்னும் சொல் ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்து ஆக்கப்பட்டது. சங்கப் புலவர்கள் வழங்கிய சொல் ‘அருவி’. நீர்வீழ்ச்சி என்னும் சொல் நீர் விழும் இடத்தை மட்டுமே சுட்டுகிறது. அருவியைக் குறிஞ்சி நிலத்தின் வாழ்வோடு சேர்த்தே நம் இலக்கியங்கள் கண்டன. தினைப்புனம் காத்தல், நீராடுதல், மலர் கொய்தல் எனப் பலவும் அருவியைச் சார்ந்தே நிகழ்ந்தன.

> தெரிந்து தெளிவோம்
> கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியரும் அருவியில் நீராடிய பின்னர் மலர் கொய்து பாறையில் குவித்த செய்தி அதில் இடம்பெறுகிறது. அப்பகுதியில் 99 மலர்களின் பெயர்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. ஓர் அருவியைச் சூழ்ந்து எத்தனை வகை உயிர்கள் வாழ இயலும் என்பதற்கு அது பழைமையான சான்று.

கடல் வளர்க்கும் காடு

கடற்கரை மாவட்டத்தின் காடு என்றதும் அலையாத்திக் காடோ சவுக்குத்தோப்போ நினைவுக்கு வரலாம். குமரியின் காடு அத்தகையதன்று. ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத்தொடர்ச்சி மலை, தன் தென்கோடியில் கடலை நெருங்கி வந்து முடிகிறது. அழகியபாண்டியபுரத்து மலையடிவாரத்திற்கும் தெற்கே உள்ள கடற்கரைக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. இந்த அண்மைதான் இக்காட்டின் செழுமைக்குக் காரணம்.

கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று, சமவெளியைக் கடந்ததும் மலையால் தடுக்கப்படுகிறது. தடுக்கப்பட்ட காற்று மலைச்சரிவில் மேலேறுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் என்னும் அளவில் வெப்பநிலை குறையும். குளிர்ந்த காற்றால் தன் ஈரம் முழுவதையும் தாங்க இயலாது. அவ்வீரம் முகிலாகவும் மழையாகவும் மாறுகிறது. இவ்வாறு பெய்யும் மழையை ‘மலைத்தடுப்பு மழை’ என்று புவியியல் கூறும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளது. குமரி மாவட்டமோ சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. கோடையிலும் இடியுடன் கூடிய மழை பெய்வதுண்டு. ஆண்டின் பல மாதங்களில் ஈரம் கிடைப்பதால் இம்மலைகளின் மேற்குச் சரிவில் பசுமைமாறாக் காடுகள் செழித்துள்ளன. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால், சில கிலோமீட்டர் தொலைவிலேயே நிலம் வறண்டு முட்புதர்களாக மாறுவதைக் காணலாம். மலை எப்பக்கம் மழையைப் பெறுகிறது என்பதே இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை.

காடு என்னும் நீர்த்தேக்கம்

மழை பெய்யும்போது அருவி பாய்வது வியப்பன்று. மழை நின்று பல வாரங்கள் கழிந்த பின்னும் பாறையிலிருந்து நீர் இறங்குவதே வியப்பிற்குரியது. அந்நீர் எங்கே இருந்தது?

பசுமைமாறாக் காட்டில் மழைத்துளி நேரடியாக மண்ணில் மோதுவதில்லை. முதலில் உயர்ந்த மரங்களின் கவிகையில் விழுகிறது. அங்கிருந்து இடைநிலை மரங்கள், புதர்கள், பெரணிகள் என ஒவ்வோர் அடுக்காக இறங்குகிறது. இறுதியில் தரையை மூடியுள்ள சருகுப் படுகையை அடையும்போது அதன் வேகம் தணிந்துவிடுகிறது. மட்கிய சருகு பஞ்சுபோல் நீரை உறிஞ்சுகிறது. வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் துளைத்த நுண்வழிகள் அந்நீரை மண்ணுக்குள் கொண்டுசெல்கின்றன. மண்ணின் கீழுள்ள பாறைப் பிளவுகளில் அது தேங்கி, சுனைகளாகவும் கசிவுகளாகவும் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. இக்கசிவுகள் கூடி ஓடையாகின்றன. ஓடை பாறை விளிம்பை அடையும்போது அருவியாகிறது.

காடு அழிந்த சரிவில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே நாளில் பாய்ந்தோடிவிடும். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் மாறிமாறி வரும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் அளவு மாறாதிருந்தாலும், அது நமக்குப் பயன்படும் காலம் சுருங்கிவிடும். எனவே, கோடையிலும் வற்றாத அருவி, தன் மேலே உள்ள காடு நலமாக இருப்பதை அறிவிக்கும் அளவுகோலாகும்.

குமரி மாவட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு காடு. அதில் 402 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 2008ஆம் ஆண்டில் கன்னியாகுமரி வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. புலி, யானை, காட்டுமாடு, கடமான், சோலைமந்தி ஆகியவற்றுக்கு அது வாழிடம். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மேற்குத்தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலக இயற்கை மரபுச் சின்னமாக ஏற்றது. குமரிக் காடுகளை அடுத்துள்ள அகத்தியமலைப் பகுதியும் அவற்றுள் அடங்கும்.

பாறையை அறுக்கும் நீர்

அருவி தோன்றும் இடத்தைப் பாறையே தீர்மானிக்கிறது. குமரி மலைகள் சார்னோக்கைட்டு, கோண்டலைட்டு முதலான மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனவை. பாறை முழுவதும் ஒரே உறுதி உடையதாக இருப்பதில்லை. சில இடங்களில் பிளவுகள் நெருங்கியிருக்கும். சில இடங்களில் பாறை எளிதில் சிதையும். ஓடை அத்தகைய இடங்களை விரைந்து அரிக்கிறது. உறுதியான பகுதி திட்டாக எஞ்சி நிற்க, அதன் விளிம்பிலிருந்து நீர் கீழே இறங்குகிறது.

விழும் நீர் தன்னுடன் மணலையும் கூழாங்கற்களையும் கொண்டுவருகிறது. அவை சுழன்று சுழன்று அடிப்பாறையைக் குடைவதால் அருவியின் காலடியில் ஆழமான மடு உருவாகிறது. மேற்பரப்பில் அமைதியாகத் தோன்றும் மடுவின் அடியில் சுழலும், பாறை இடுக்குகளும், வழுக்கும் பாசியும் இருக்கும். அருவிகளில் நேரும் உயிரிழப்புகளுக்கு நீந்தத் தெரியாமை மட்டுமே காரணமன்று. மடுவின் இவ்வமைப்பை அறியாமையும் காரணம்.

அருவி அறுத்தெடுத்த பாறைத்துகள் எங்கே போகிறது என்பதும் அறியத்தக்கது. மலைப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, ஓடைகளாலும் ஆறுகளாலும் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அலைகளால் மீண்டும் கரையில் சேர்க்கப்படுகின்றன. கன்னியாகுமரிக் கடற்கரை மணலின் செந்நிறத்திற்குக் காரணம் கார்னெட் என்னும் கனிமம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் செறிந்து கிடக்கின்றன. கடற்கரையில் நாம் கையில் அள்ளும் மணல் ஒருகாலத்தில் மலையாக இருந்தது.

அருவிக்கரையின் உயிர்கள்

அருவியின் சாரல் படும் பாறையும் அதனைச் சூழ்ந்த நிழலும் தனியொரு வாழிடம். பாறை முகத்தில் பாசிகளும் பெரணிகளும் ஒட்டி வளர்கின்றன. ஓடைக்கரையில் நீர்மருதும் ஈற்றையும் வேரூன்றி மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மேலே சரிவுகளில் வேங்கையும் ஈட்டியும் நாங்கும் நிற்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் நீரோடைகளை நாடி வாழும் பறவைகளுள் ஒன்று சீகாரப் பூங்குருவி. சிறுவன் ஒருவன் சீழ்க்கையடித்துக்கொண்டு செல்வதுபோல் ஒலிக்கும் அதன் குரல், அருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

அருவியின் இரைச்சல் சில உயிர்களின் பழக்கத்தையே மாற்றியுள்ளது. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் நடனத் தவளைகள் இதற்குச் சான்று. நீரின் ஓசையில் தம் குரல் அமிழ்ந்துபோவதால், ஆண் தவளைகள் பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து அசைத்துச் சைகை செய்கின்றன. அதுவே பெண் தவளைக்கு அழைப்பு; போட்டியாளருக்கு எச்சரிக்கை. இவ்வினத்தைச் சேர்ந்த 14 புதிய வகைகளை இந்திய அறிவியலாளர்கள் 2014ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இத்தவளைகள், நிழலுள்ள தூய ஓடை நீரில் மட்டுமே வாழ வல்லவை. தவளையின் தோல் நீரையும் காற்றையும் உட்புக விடுவது. ஆகையால், நீரில் கரையும் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் அவ்வுடலை நேரடியாகத் தாக்கும். குளிப்பவர் சில நிமிடங்களில் சென்றுவிடுவார். கலந்த நுரை ஓடையோடு சென்று கீழுள்ள உயிர்கள் அனைத்தையும் தொடும்.

அருவிக்குப் பின் நீரின் பயணம்

காட்சியாக அருவி மடுவோடு முடிந்துவிடுகிறது. நீருக்கோ பயணம் அங்குத்தான் விரிவடைகிறது. தோவாளை மலைச்சரிவுகளில் இறங்கும் ஓடைகள் பழையாற்றுப் படுகையை வளப்படுத்துகின்றன. பழையாறு நாஞ்சில் நாட்டின் உயிர்நாடி. அதன் நீரைக் கால்வாய்களும் குளங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு குளம் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிறைக்கும் முறையில் நம் முன்னோர் அவற்றை இணைத்தனர். கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் இம்மாவட்டத்தின் பாசனத்திற்குத் துணைசெய்கிறது. அவ்வணைக்கு வரும் நீரும் இதே மலைக்காடுகள் தருவதே.

வயல்களைக் கடந்த பழையாறு சுசீந்திரத்தின் வழியே சென்று மணக்குடியில் கடலோடு கலக்கிறது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்குக் குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்தும் பறவைகள் வருகின்றன. சுசீந்திரம் – தேரூர் ஈரநில வளாகம் 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மணக்குடிக் கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே மீன்குஞ்சுகளும் இறால்களும் வளர்கின்றன. கடற்கரை மீனவரின் வலைக்கும் மலைக்காட்டின் நீருக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்படுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நம் இலக்கணம் வகுத்த நானிலத்தையும் ஒரே நாளில் நடந்து காணத்தக்க நிலப்பகுதி இது.

புறநானூறு காட்டும் நாஞ்சில்

சங்ககாலத்தில் நாஞ்சில் மலைப்பகுதியை ஆண்டவன் நாஞ்சில் வள்ளுவன். அவனைப் புலவர் ஒருசிறைப் பெரியனார் புறநானூற்றின் 137ஆம் பாடலில் போற்றுகிறார். அரசனின் படையையோ பொருளையோ அவர் முதன்மைப்படுத்தவில்லை. அவனுடைய நாட்டின் நீரையே புகழ்கிறார். மழை பெய்யாத காலத்திலும் அங்கு விதைத்த விதை பட்டுப்போவதில்லை. கோடை காய்ந்தாலும் நீர்நிலைகளில் மலர்கள் பூக்கின்றன. மலைச்சரிவு வேங்கையின் பொன்னிற மலர்களை ஏந்திக்கொண்டு தெளிந்த நீர் நாள்தோறும் கடலை நோக்கிச் செல்கிறது. இவை அப்பாடல் தரும் செய்திகள்.

இச்செய்திகளைக் கூர்ந்து நோக்கினால் புலவரின் இயற்கையறிவு புலப்படும். மழை இல்லாதபோதும் விளையும் நிலம் என்றால், பெய்த மழையைச் சேர்த்துவைக்கும் காடு அங்கே இருந்திருக்க வேண்டும். நீர் தெளிந்து ஓடியது என்றால், மண் அரிப்பு இல்லை என்பது பொருள். அந்நீர் மலர் சுமந்து கடல்வரை சென்றது என்றால், இடையில் வற்றவில்லை என்பது பொருள். மலைக்காடு, தெளிநீர், வயல், கடல் என்னும் தொடர்பை ஒரு சிறு பாடலில் அவர் அமைத்துக் காட்டியுள்ளார்.

இன்று அப்பாடலை நாஞ்சில் நாட்டு மண்ணில் நின்று படித்தால் ஒரு வினா எழும். மலையில் தெளிந்து இறங்கும் நீர், ஊர்களைக் கடக்கும்போது கழிவுநீரையும் நெகிழிக் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் சுமக்க நேர்கிறது. வேங்கை மலரைச் சுமந்த நீருக்கு இச்சுமையை ஏற்றியவர் யார்? புலவர் பாடிய நீரில் அவர் கண்ட தெளிவு இன்று அருவியின் அருகில் மட்டுமே எஞ்சியுள்ளது. அங்கும் அது குறையுமானால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய தூய நீர்கூட நமக்கு இராது.

செல்லும் நெறி

பரிசில் பெற்ற ஒருவர், பெறாத ஒருவருக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. மலையின் பலவகை ஓசைகளால் பெயர்பெற்ற மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும். பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட அந்நூல், மலைவழியில் செல்லும் கூத்தர்க்கு அழகை மட்டும் கூறி அனுப்பவில்லை. பாம்புகள் ஒடுங்கியிருக்கும் குழிகளையும், பாசி படிந்து வழுக்கும் இடங்களையும், அவ்விடங்களில் பற்றிக்கொள்ள வேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது. வழி சொல்பவர் இடரையும் சேர்த்துச் சொல்லுதல் தமிழர் கடைப்பிடித்த நெறி. அந்நெறியைப் பின்பற்றி, இன்றைய அருவி வழிக்குரிய சில செய்திகளை அறிந்துகொள்வோம்.

முதலாவது, அனுமதி. புகலிடக் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அனுமதி என்பது வெறும் தாள் அன்று. யானைகள் எப்பக்கம் நடமாடுகின்றன, மலையில் மழை பெய்கிறதா, காட்டுத்தீ அச்சம் உள்ளதா என்பவற்றை அறிந்தே வனத்துறை வழியைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியில் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இரண்டாவது, துணை. காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லுதல் வேண்டும். ஒடிந்த கிளை, புதிய சாணம், குரங்கின் எச்சரிக்கைக் குரல் ஆகியவற்றை அவர் படித்தறிவார். தனியே செல்லுதலும், பொழுது சாய்ந்த பின் காட்டில் தங்குதலும் தவிர்க்கத்தக்கவை. மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி; வழுக்காத காலணியும் காலை மூடும் உடையும் தேவை.

> தெரியுமா?
> 1987ஆம் ஆண்டில் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வு மேற்கொண்ட தாவரவியலாளர்களுக்குக் காணிக்காரர்கள் வழிகாட்டினர். அவர்கள் வழியில் ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அச்செடி ஆரோக்கியப்பச்சை. அதனைக் கொண்டு பின்னர் ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதன் வருவாயில் ஒரு பங்கு அறிவை வழங்கிய காணிமக்களுக்கும் உரியது என ஏற்கப்பட்டது. மரபறிவுக்கு உரிய பங்கை வழங்குவதில் இது உலகம் அறிந்த முன்மாதிரி.

மூன்றாவது, நீரின் குறிப்புகளை அறிதல். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். அதே வேளையில் மலையுச்சியில் பெருமழை பெய்து கொண்டிருக்கலாம். அம்மழை சில நிமிடங்களில் காட்டாற்று வெள்ளமாக வந்து சேரும். தெளிந்த நீர் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் திடீரென மிகுதியாக மிதந்து வருதல், அருவியின் ஓசை கனத்தல், நீர்மட்டம் சிறிதே உயர்தல் ஆகியன எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளை எடுக்கத் திரும்பாமல் உடனே மேட்டிற்கு ஏறிவிட வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் இவ்வாறு திடீரெனப் பெருகிய வெள்ளம் பள்ளிப் பருவத்தினர் ஒருவரின் உயிரைப் பறித்தது. மக்கள் நிறைந்த, கண்காணிப்பு உள்ள அருவியிலேயே இத்தகைய இழப்பு நேர்ந்தது. அழைத்தால் உதவி வர நெடுநேரமாகும் காட்டருவியில் எச்சரிக்கை பன்மடங்கு தேவை. பாறையின் விளிம்பில் நின்று படம் எடுத்தலும், ஆழம் அறியாத மடுவில் குதித்தலும் துணிவின் அடையாளங்கள் அல்ல.

நான்காவது, எதையும் விட்டு வராமை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. காட்டில் எறியப்படும் உணவுப்பொதியை உப்பின் சுவைக்காக விலங்குகள் நெகிழியோடு சேர்த்து விழுங்குகின்றன. உடைந்த கண்ணாடிப் புட்டி யானையின் பாதத்தையும் கிழிக்கும். குரங்குகளுக்குத் தின்பண்டம் தருதல் இரக்கம் போலத் தோன்றலாம். அதனால் அவை காட்டில் இரைதேடும் பழக்கத்தை இழந்து, வழிப்போக்கரிடம் பறித்துண்ணும் நிலைக்கு ஆளாகின்றன. உரத்த இசை, அருவியின் ஓசைக்கேற்பத் தம் வாழ்வை அமைத்துக்கொண்ட உயிர்களைக் குலைக்கும்.

செல்வதா? செல்லாதிருப்பதா?

பெயர் பரவாத அருவியைப் பற்றி எழுதுவதே அதற்குத் தீங்காகுமே என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் பொருள் உண்டு. ஓர் அருவியின் படம் கைப்பேசிகளில் பரவியதும், ஒரே வாரத்தில் அந்த ஓடை தாங்கவியலாத கூட்டம் அங்குச் சேர்வதை நாம் காண்கிறோம். வழித்தடம் அகலமாகிறது, சருகுப் படுகை மிதிபட்டு இறுகுகிறது, இறுகிய மண்ணில் நீர் இறங்குவதில்லை. அருவியைக் காண வந்த கால்களே அருவியின் ஊற்றை அடைத்துவிடக்கூடும்.

மறுபுறம், யாருமே அறியாத இடம் அழிந்தால் அதற்காகப் பேசுவோரும் இரார். கற்சுரங்கமோ சாலையோ காட்டை நெருங்கும்போது, அந்நிலத்தின் மதிப்பை அறிந்த மக்களே அதனைக் காக்க முன்வருவர். ஆகவே, அறியாமை பாதுகாப்பு ஆகாது. பலரும் அறிந்திருக்க வேண்டும். காடு தாங்கும் அளவினரே செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் 40 மலையேற்றப் பாதைகளை வரையறுத்து, முன்பதிவு செய்தோரைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. மலைவாழ் மக்களுக்கு வழிகாட்டும் பணியும், வருவோரின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் இதனால் அமைகின்றன. இத்தகைய நெறிமுறைகள் வலுப்பெற வேண்டும்.

வழி மூடப்பட்ட நாளில் திரும்பி வருவதும் அருவியைப் போற்றும் முறையே. அன்று உலக்கை அருவியைக் காண இயலாதவர், கீழே இறங்கி வயல் வாய்க்காலின் கரையில் நிற்கலாம். சுசீந்திரம் குளத்தின் பறவைகளைக் காணலாம். மணக்குடியில் ஆறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம். அவ்விடங்களில் எல்லாம் இருப்பது மலைக்காடு சேர்த்துவைத்துத் தந்த நீரே. அந்நீர் தெளிவாக உள்ளதா என்று பார்ப்பதும், இல்லையெனில் காரணம் கேட்பதும் மலையேறாமலேயே செய்யத்தக்க கடமைகள். ஒருசிறைப் பெரியனார் கண்ட தெளிநீர் மீண்டும் கடல்வரை செல்வதற்கு, அக்கடமை உணர்வு முதல் தேவையாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊருக்கு நீர் தரும் ஆறு, குளம் அல்லது ஓடை எங்கே தோன்றுகிறது, எங்கே முடிகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து வழிப்படம் ஒன்று வரைக.
2. அருவி, சுனை, ஓடை, மடு, கயம், கழிமுகம் போன்ற நீர் சார்ந்த சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாடுகளை எழுதுக.
3. ‘பெயர் பரவாத இயற்கை இடங்களைப் பிறருக்கு அறிவிக்கலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
4. உங்கள் பகுதியிலுள்ள ஓர் இயற்கை இடத்திற்கு வருவோர்க்கு அதன் அழகையும் இடர்களையும் எடுத்துரைக்கும் ஆற்றுப்படை ஒன்றை உரைநடையில் ஒரு பக்க அளவில் எழுதுக.